10 சிப் மேசையா, 25 சிப் மேசையா?

பிளாக்ஜாக், அதாவது 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட (சீட்டுப் போடும் கேசினோ ஊழியர்) பெரிய எண் சேர்க்கும் சீட்டாட்டம், ஆடும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தொழில் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன். எந்த நாட்டுப் பணம் என்பதும் தெரிய வேண்டியதில்லை என்பதால் எல்லாத் தொகையையும் 'சிப்' என்றே சொல்கிறேன். கணக்கு அதனால் மாறிவிடாது.

இரண்டு வருடமாக ஆடுகிறார். மாதத்தில் ஒன்றிரண்டு மாலை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், கையில் 600 சிப். எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அடிப்படை உத்தி அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கிறார். வழக்கமாக உட்காரும் மேசையில் குறைந்தபட்சப் பந்தயம் 25. எட்டுக் கட்டுச் சீட்டு, பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டே ஏஸும் ஒரு பத்தும்; 10, ஜாக், ராணி, ராஜா எல்லாமே பத்துதான்) விழுந்தால் 3-க்கு 2, எந்த 17 ஆனாலும் டீலர் நின்றுவிடுவார், ஸ்பிலிட் (ஜோடிச் சீட்டை இரண்டு கையாகப் பிரிப்பது) செய்த பிறகும் டபுள் (பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குவது) செய்யலாம். நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதி வருகிறார். 36 மாலைகளில் மொத்த நஷ்டம் 2,400.

போன மாதம் அதே கேசினோவில் 10 சிப் மேசை ஒன்று வந்திருக்கிறது. ஒரே கட்டுச் சீட்டு. பிளாக்ஜாக்குக்கு 6-க்கு 5. டீலர் சாஃப்ட் 17-இல் இன்னொரு சீட்டு எடுப்பார். ஸ்பிலிட் செய்த பிறகு டபுள் கிடையாது. "ஒரே கட்டு என்றால் ஆடுகிறவனுக்கு நல்லது என்று படித்திருக்கிறேன். பந்தயமும் குறைவு. டீலர் கூடுதலாகச் சீட்டு எடுத்தால் 21-ஐத் தாண்டி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். 6-க்கு 5 என்பதும் பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. எல்லாமே என் பக்கம் சாய்ந்த மாதிரி இல்லையா?" என்று கேட்கிறார். அவசரத் தேவைக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்து 2,400 எடுத்து, நல்ல விதியுள்ள மேசையில் ஆடி, விட்டதைப் பிடிக்கலாமா என்பதுதான் அவருடைய முக்கியக் கேள்வி. இன்சூரன்ஸ், போனில் ஆப், கடைசி நாற்காலிக்காரர், மூன்றாவதாக ஒரு மேசை என்று சில சில்லறைக் கேள்விகளும் உண்டு. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

அன்புள்ள வாசகருக்கு,

நோட்டில் கணக்கு எழுதுகிறீர்கள் பாருங்கள், அதற்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம். பெரும்பாலானவர்கள் ஜெயித்த நாளை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். சூதாட்டக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால், உங்கள் கேள்விகளை எண்களாலேயே பார்க்கிறேன். கணக்குக்கு வெளியே உள்ள ஒன்றிரண்டு விஷயங்களையும் கடைசிப் பக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

பிளாக்ஜாக்கில் ஒரு விதி மாறினால், அந்த நாற்காலியில் உட்காருவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை மாறுகிறது. அந்த விலையை ஒவ்வொரு கைக்கும் பந்தயத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுச் சொல்ல முடியும். இது ஒன்றும் ரகசிய வித்தை இல்லை. 1956-லேயே அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மட், மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு அடிப்படை உத்தியைக் கணக்கிட்டு ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டுவிட்டார்கள். நீங்கள் மனப்பாடம் செய்த அட்டவணை அந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் பழைய 25 சிப் மேசையில், அட்டவணைப்படி பிசகாமல் ஆடினால், கேசினோவின் சாதகம் சுமார் 0.43 சதவீதம். புதிய 10 சிப் மேசையில் அது 1.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஏறக்குறைய நாலு மடங்கு. "எல்லாமே என் பக்கம்" என்று நீங்கள் எண்ணிய நான்கில் ஒன்றே ஒன்றுதான் உண்மையில் உங்கள் பக்கம்.

6-க்கு 5: பெரிய எண், சின்னத் தொகை

10 சிப் வைத்திருக்கிறீர்கள். ஏஸும் ராஜாவும் விழுகின்றன. 3-க்கு 2 மேசையில் டீலர் உங்கள் பக்கம் 15 தள்ளுவார். 6-க்கு 5 மேசையில் 12 தள்ளுவார். அவ்வளவுதான் விஷயம். 6 என்பது 3-ஐவிடப் பெரியதுதான், ஆனால் 5-ஆல் வகுத்தால் ஒன்றேகால்கூட வராது. 3-ஐ 2-ஆல் வகுத்தால் ஒன்றரை.

நீங்கள் இதில் ஏமாந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். இதே கணக்கைத் தொழிலாகச் செய்த நானே ஒருமுறை வெளியூரில், களைத்துப்போய், துணியில் எழுதியிருந்ததைப் படிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். முதல் பிளாக்ஜாக்குக்கு டீலர் ஒரு 10-ஐயும் இரண்டு ஒற்றைச் சிப்பையும் வைத்தபோது, மூன்று குறைகிறதே, எண்ணும்போது தவறிவிட்டார் போல என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசைத் துணியில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பெரிய எழுத்தில்தான் அச்சிட்டிருந்தார்கள்.

மூன்று சிப்தானே என்று தோன்றும். ஒரு கட்டுச் சீட்டில் பிளாக்ஜாக் விழும் வாய்ப்பு 4.83 சதவீதம், அதாவது 21 கைக்கு ஒன்று. மணிக்கு 70 கை ஆடினால் மூன்று தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் மூன்று சிப் என்றால் மணிக்குப் பத்து சிப் சத்தமில்லாமல் போகிறது. டீலருக்கும் பிளாக்ஜாக் விழுந்து சமனாகிற சில தடவைகளைக் கழித்தாலும், இந்த ஒரு விதி மட்டும் பந்தயத்தில் 1.39 சதவீதத்தைச் சாப்பிடுகிறது. உங்கள் பழைய மேசையின் மொத்த விலையைப்போல மூன்று மடங்குக்கு மேல், ஒற்றை விதியில்.

இங்கே ஒரு பழைய கதை. 1964 ஏப்ரலில் லாஸ் வேகஸ் கேசினோக்கள் விதியை இறுக்கிப் பார்த்தன. ஏஸ் ஜோடியை ஸ்பிலிட் செய்யக் கூடாது, 11-க்கு மட்டும்தான் டபுள் என்றார்கள். ஆடுகிறவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மேசைகள் காலியாகக் கிடக்க, சில வாரங்களிலேயே பழைய விதி திரும்பி வந்தது. அப்புறம் 2000-களின் தொடக்கத்தில் அதே ஊரில் 6-க்கு 5 வந்தபோது அப்படி யாரும் கிளம்பவில்லை. சின்னப் பந்தயம், 'ஒரே கட்டு' என்ற பலகை, இரண்டும் சேர்ந்து கூட்டத்தை உட்கார வைத்துவிட்டன. ஒரு செயலைத் தடுத்தால் உடனே உறைக்கிறது. பணத்தில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் உறைப்பதில்லை. என் அனுபவத்தில் பிளாக்ஜாக் மேசையில் கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்ட மாற்றம் இதுதான்.

டீலர் சாஃப்ட் 17-இல் எடுத்தால் யாருக்கு லாபம்

ஏஸை 11 என்று எண்ணி வரும் 17 சாஃப்ட் 17. ஏஸும் ஆறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீலர் கூடுதல் சீட்டு எடுத்தால் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு கூடும் என்கிறீர்கள். அது உண்மை, சற்றே கூடத்தான் செய்கிறது. ஆனால் அவர் அந்த 17-லேயே நின்றிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? 17 டீலருக்கு மிக மோசமான எண். நீங்கள் 18, 19 வைத்திருந்தால் தோற்பார். நீங்களும் 17 என்றால் சமன். நீங்கள் 16 அல்லது அதற்குக் கீழே நின்றாலோ, 21-ஐத் தாண்டினாலோதான் அவர் ஜெயிக்கிறார்.

இப்போது அவர் இன்னொரு சீட்டு எடுக்கட்டும். பதின்மூன்று வகைச் சீட்டில் ஏஸ், 2, 3, 4 வந்தால் 18 முதல் 21 வரை போய்விடுவார். 10, ஜாக், ராணி, ராஜா வந்தால் ஏஸ் ஒன்றாக மாறி மறுபடியும் 17, நஷ்டமில்லை. 5 முதல் 9 வரை வந்தால்தான் சிக்கல். அப்போதும் உடனே தாண்டிவிட மாட்டார், 12 முதல் 16-க்குள் வந்து இன்னொரு சீட்டு எடுப்பார். அதில் ஒரு பகுதி தாண்டும், மீதி 17-க்கோ அதற்கு மேலேயோ ஏறிக்கொள்ளும். மட்டமான கையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றுக்கு முயற்சி செய்ய டீலருக்கு அனுமதி கிடைத்த மாதிரி. இதன் விலை உங்களுக்குச் சுமார் 0.2 சதவீதம்.

ஒரே கட்டு: நீங்கள் படித்தது சரி

எட்டுக் கட்டோடு ஒப்பிட்டால், மற்ற விதிகள் அப்படியே இருந்தால், ஒரே கட்டு உங்களுக்கு அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக லாபம் தரும். காரணம் எளிது. சின்னக் குவியலில் ஒரு சீட்டு போனால் அந்த இடம் தெரியும். உங்கள் கையில் பிளாக்ஜாக் இருக்கிறது என்றால் ஒரு ஏஸும் ஒரு பத்தும் குவியலைவிட்டு வெளியே வந்துவிட்டன. ஒரே கட்டில் மீதி 50 சீட்டு, அதில் மூன்று ஏஸ், பதினைந்து பத்து. டீலருக்கும் பிளாக்ஜாக் வரும் வாய்ப்பு 3.7 சதவீதம்தான். ஆறு கட்டில் இதே கணக்கு 4.6 சதவீதம் வரும். 5-ம் 6-ம் சேர்ந்து 11 வரும்போது டபுள் செய்வதும் இப்படித்தான் பலம் பெறுகிறது. இரண்டு சின்னச் சீட்டு வெளியேறிவிட்டதால் பத்து வரும் வாய்ப்பு கொஞ்சம் ஏறுகிறது.

ஆனால் இந்த அரை சதவீதத்தைக் கொடுத்த கேசினோ, 6-க்கு 5 என்று 1.39-ஐயும், சாஃப்ட் 17-இல் 0.2-ஐயும், ஸ்பிலிட்டுக்குப் பிறகு டபுள் இல்லை என்று இன்னொரு 0.14-ஐயும் எடுத்துக்கொண்டுவிட்டது. முன்பக்கம் தள்ளுபடி, பின்பக்கம் விலையேற்றம். 'ஒரே கட்டு' என்ற பலகை மட்டும் பெரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மற்ற விதிகளை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன், அவற்றுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் சரண்டர் இருந்தால் உங்களுக்கு 0.08 சதவீதம் அளவுக்கு நல்லது. ஸ்பிலிட் செய்த ஏஸ்களை மறுபடி ஸ்பிலிட் செய்ய விட்டால் அதுவும் அதே அளவு. 10, 11-க்கு மட்டும்தான் டபுள் என்றால் 0.18 நஷ்டம். டீலர் தன் இரண்டாவது சீட்டைக் கடைசியில்தான் எடுப்பார், அவருக்குப் பிளாக்ஜாக் வந்தால் உங்கள் டபுளும் ஸ்பிலிட்டும் முழுசாகப் போகும் என்ற விதி இருந்தால் 0.11 நஷ்டம். டீலர் 22-க்குப் போனால் சமன் என்று ஒரு வகை ஆட்டம் இருக்கிறது. பதிலுக்கு இலவச டபுள், சீட்டு மாற்றம் என்று ஏதாவது சலுகை தருவார்கள். அதை பிளாக்ஜாக் என்று நினைக்காமல் தனி ஆட்டமாகவே எடுத்துக்கொண்டு புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கப் பந்தயங்களைத் தொடாதீர்கள். பெரும்பாலானவற்றின் விலை மூல ஆட்டத்தைப்போலப் பல மடங்கு.

உங்கள் அட்டவணையும் ஒரு குறிப்பிட்ட விதிக்கென்று எழுதியதுதான். பழைய மேசையில் டீலரிடம் ஏஸ் தெரிந்தால் 11-இல் டபுள் செய்ய மாட்டீர்கள். சாஃப்ட் 17-இல் எடுக்கும் மேசையில் அதே கையை டபுள் செய்ய வேண்டும். டீலர் இரண்டாவது சீட்டைக் கடைசியில் எடுக்கும் மேசையானால், அவரிடம் பத்து தெரியும்போது எட்டு ஜோடியை ஸ்பிலிட் செய்யக் கூடாது. மனப்பாடம் செய்ததை மேசைக்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ், 'ஈவன் மணி'

டீலரிடம் ஏஸ் தெரிந்தால் இன்சூரன்ஸ் எடுப்பது பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர்தான் இன்சூரன்ஸ். உண்மையில் அது டீலரின் மூடிய சீட்டு பத்தா என்று கட்டும் தனிப் பந்தயம். ஜெயித்தால் 2-க்கு 1 கொடுக்கிறார்கள். மூன்றில் ஒரு தடவைக்கு மேல் பத்து இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். ஆறு கட்டில் உங்கள் இரண்டு சீட்டும் பத்தில்லை என்றாலே, அந்த வாய்ப்பு 31 சதவீதம்தான். கையில் 20 வைத்திருப்பவர்கள் நல்ல கையைக் காப்பாற்றுகிறேன் என்று இன்சூரன்ஸ் எடுப்பார்கள். இரண்டு பத்து அவர்கள் கையிலேயே இருப்பதால் அவர்களுக்குத்தான் அது இன்னும் மோசம்.

உங்களுக்குப் பிளாக்ஜாக், டீலரிடம் ஏஸ். "ஒன்றுக்கு ஒன்று இப்பவே தரட்டுமா?" என்று டீலர் கேட்பார், இதுதான் 'ஈவன் மணி'. வாங்கினால் கையில் நிச்சயம் 1 மடங்கு. மறுத்தால் சராசரியாக 1.04 மடங்கு. மறுத்துவிடுங்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 6-க்கு 5 மேசையில் இந்தக் கேள்வியை அநேகமாகக் கேட்கவே மாட்டார்கள். அங்கே மறுத்தால் கிடைக்கும் சராசரி 0.83 மடங்குதான். ஒன்றுக்கு ஒன்று கொடுத்தால் உங்களுக்கு நிஜமாகவே லாபம். அந்த இடத்தில் மட்டும் சலுகை காணாமல் போய்விடும்.

சரி, எந்த மேசை?

"0.43 சதவீதம் என்றால் 600 சிப்பில் இரண்டரை சிப்தானே போகும்?" என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சதவீதம் நீங்கள் கொண்டுபோகும் பணத்தின்மீது விழுவதில்லை, மேசையில் வைக்கும் மொத்தப் பந்தயத்தின்மீது விழுகிறது. மணிக்கு 70 கை, நாலு மணி நேரம், 280 கை. 25 வீதம் 7,000 சிப். அதே 600-தான் திரும்பத் திரும்ப மேசைக்குப் போய் வருகிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்து வருகிறது.

அப்படிப் பார்த்தால் 25 சிப் மேசையின் சராசரிச் செலவு ஒரு மாலைக்கு 30 சிப். 10 சிப் மேசையில் பந்தயம் பாதிக்கும் குறைவு, ஆனால் செலவு 45. சின்னப் பந்தயத்தில் உட்கார்ந்து கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

உடனே 25-க்கே ஓடிப்போங்கள் என்று சொல்ல மாட்டேன். சராசரி ஒன்று, ஏற்றஇறக்கம் இன்னொன்று. பிளாக்ஜாக்கில் ஒரு கையின் ஏற்றஇறக்கம் பந்தயத்தைப்போலச் சுமார் 1.15 மடங்கு. 280 கையில் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு கழிந்துபோக, அது 19 பந்தயமாகிறது. 25 சிப் மேசையில் உங்கள் 600 என்பது வெறும் 24 பந்தயம். அந்த மாலை முடிவதற்குள் முழுசும் காலியாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இதை உங்கள் நோட்டும் சொல்லும், கை காலியாகிச் சீக்கிரம் எழுந்த மாலைகளை எண்ணிப் பாருங்கள். 10 சிப் மேசையில் அதே 600 என்பது 60 பந்தயம். காலியாவது அபூர்வம். மெதுவாகத் தேய்வது மட்டும் நிச்சயம்.

எனக்கு 600 சிப்பும் ஒரு மாலையும் இருந்தால் 25 சிப் மேசையில் இரண்டே மணி நேரம் ஆடுவேன். செலவு 15 ஆகிறது, முழுசும் போகும் ஆபத்து பன்னிரண்டில் ஒன்றாக இறங்குகிறது. மீதி நேரம் வேடிக்கை பார்ப்பேன். கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது யாருடைய அனுமதியும் இல்லாமல் நீங்களே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரே விதி. கூட்டமான மேசையில் உட்கார்ந்தாலும் அதே பலன், ஆட்டம் மெதுவாக நகரும்.

சில்லறைக் கேள்விகள்

கடைசி நாற்காலிக்காரர் தப்பாகச் சீட்டு எடுத்து டீலரைக் காப்பாற்றிவிடுகிறார் என்று கோபப்படுகிறீர்கள். அவர் எடுத்த சீட்டு டீலரைக் கெடுத்திருக்கவும் அதே அளவு வாய்ப்புண்டு. அப்படி நடந்த நாட்களில் யாரும் அவருக்கு நன்றி சொல்வதில்லை. நீண்ட கணக்கில் அவரால் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவருடைய காசு, அவருடைய கை, விட்டுவிடுங்கள்.

போனில் ஆப் வைத்துக்கொண்டு ஆடுவது வேண்டவே வேண்டாம். நெவாடாவில் மேசையில் கருவி பயன்படுத்துவதை 1985-லேயே சட்டம் போட்டுக் குற்றமாக்கிவிட்டார்கள். மற்ற இடங்களில் சட்டம் எப்படியிருந்தாலும் கேசினோ உங்களை வெளியே அனுப்பும். அச்சிட்ட உத்தி அட்டையைப் பார்த்து ஆடுவதைப் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள், டீலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். தலைக்குள்ளேயே சீட்டு எண்ணுவது ஏமாற்று வேலை ஆகாது, இருந்தாலும் பல ஊர்களில் அப்படி ஆடுகிறவரை எழுந்திருக்கச் சொல்லும் உரிமை கேசினோவுக்கு உண்டு. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982-இல், சீட்டு எண்ணி ஆடிய கென் அஸ்டன் வழக்கில், கேசினோ தன்னிச்சையாக அப்படி விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆளை விலக்க முடியாவிட்டால் என்ன, அடிக்கடி சீட்டைக் கலைத்துவிட்டால் போயிற்று. உட்காருவதற்கு முன் விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு யாரும் முகம் சுளிக்க முடியாது.

அந்த 2,400

முதலில் போன 2,400-ஐப் பார்ப்போம். 36 மாலைக்கு அந்த மேசையின் சராசரிச் செலவே 1,100-ஐ ஒட்டி வருகிறது. மீதி 1,300 துரதிர்ஷ்டம், அதுவும் பெரிய துரதிர்ஷ்டம் இல்லை. பத்தாயிரம் கையில் 2,900 அளவுக்கு மேலே கீழே போவது சகஜம். நீங்கள் மோசமாக ஆடியதற்கு அது சாட்சியில்லை. அதே காரணத்தால், அதிர்ஷ்டம் உங்களுக்கு ஏதோ பாக்கி வைத்திருக்கிறது என்பதற்கும் சாட்சியில்லை. கலைத்த சீட்டுக்கு உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இனி எடுக்கப்போகும் 2,400. இரட்டிப்பாகும்வரை அல்லது காலியாகும்வரை ஆடுவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். 25 சிப் மேசையில் இரட்டிப்பாகும் வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதம், முழுசும் போகும் வாய்ப்பு 65. அதற்கே நூறு மணி நேரம் போல ஆக வேண்டும், உங்கள் வழக்கப்படி 25 மாலை. 6-க்கு 5 மேசையில் 10 வீதம் ஆடினால் இரட்டிப்பாகும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. விதியின் வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் மூன்று நாலு சிப்பாகத் தெரிகிறது, நீண்ட ஆட்டத்தில் இப்படி விசுவரூபம் எடுக்கிறது. ஆனாலும் நல்ல மேசையின் கணக்கிலேயே மூன்றில் இரண்டு தடவை உங்கள் அவசரப் பணம் போகிறது. நல்ல விதி நஷ்டத்தின் வேகத்தைக் குறைக்கும், அதன் திசையைத் திருப்பாது. அந்தப் பணத்தை எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வீட்டில் சொல்லவில்லை என்ற வரியை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஒருவேளை கவனிக்காமலே. நோட்டை எடுத்துக்கொண்டுபோய் அப்படியே காட்டுங்கள். 2,400 என்பது இன்றைக்குச் சொல்லிவிடக்கூடிய தொகையாகத்தான் இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று தெரிந்தும் கை போகிறது என்றால், பல கேசினோக்களில் உங்களை நீங்களே விலக்கிக்கொள்ள ஒரு படிவம் இருக்கும், எழுதிக் கொடுத்தால் உள்ளே விட மாட்டார்கள். சூதாட்டப் பழக்கத்துக்கென்றே ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அது என் துறை இல்லை, அவர்களுடைய துறை.

கடைசியாக, சீட்டை இயந்திரமே ஓயாமல் கலைத்துக்கொண்டிருக்கும் அந்த 15 சிப் மேசை. இயந்திரத்துக்குப் பயப்பட வேண்டாம், அட்டவணைப்படி ஆடுகிறவருக்கு அதனால் சாதகம் மயிரிழையளவு கூடத்தான் செய்கிறது. ஆனால் கலைக்கிற இடைவேளை இல்லாததால் மணிக்கு ஆடும் கை ஏறும், அந்த லாபத்தைப்போலப் பல மடங்கு அதிலே போய்விடும். ஆறு கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள், சரண்டர் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், பிளாக்ஜாக்குக்கு எவ்வளவு என்பதை மட்டும் எழுதவில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் உட்காராமல் துணியில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.